இலவச ஆன்டிவைரஸ் போட்ட மறுநாள் கணினி முரண்டு பிடித்தால்...

என் பெரியம்மா வீட்டு மடிக்கணினியில் பெரியப்பா நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த படங்கள் இருந்தன. பேரன் பிறந்தது, அறுபதாம் கல்யாணம், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் எல்லாம் அதில்தான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் அதில் ஓர் இலவச ஆன்டிவைரஸை இறக்கிப் போட்டார்கள். மறுநாள் காலை கணினி திறக்கவே கால் மணி நேரம் ஆனது. இணையம் இல்லை. எதைத் தொட்டாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்குக் கொண்டுபோனார்கள். "ஃபார்மட் அடிச்சிடலாம்மா, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். புதுசு மாதிரிதான் ஆனது. படங்கள் போயின. அடுத்த வருடம் பெரியப்பாவும் போய்விட்டார்.

பிறகு விசாரித்தேன். அந்த மடிக்கணினி வாங்கும்போதே ஓராண்டுச் சந்தாவோடு வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே போட்டுத் தந்திருக்கிறார்கள். சந்தா முடிந்து அது அப்படியே கிடந்தது. அதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய கோளாறு அது. விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிகளை மனத்தில் வைத்து, அந்த அரை மணி நேர வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கணினி தத்தித் தத்தியாவது திறக்கிறதா? அப்படியானால் வேறு எதையும் தொடாமல் முதலில் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கணக்குக் கோப்புகளை ஒரு வெளி ஹார்டுடிஸ்கிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறக்காதீர்கள். நம் வீடுகளில் பாதிப் பொருள் அங்கேதான் கிடக்கும். கணினி திறக்கவே இல்லை என்றாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, வெளி ஹார்டுடிஸ்க் போல இன்னொரு கணினியில் செருகிப் படிக்க ஒரு பெட்டி கிடைக்கிறது. "டேட்டாவை எடுத்துக் கொடுத்துட்டு அப்புறம் கை வைங்க" என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள். சொல்லாவிட்டால் டிஸ்க்கில் ஒன்றும் முக்கியமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

2. குற்றவாளி ஆன்டிவைரஸ்தானா என்று பாருங்கள். அதே நாளில் விண்டோஸ் அப்டேட்டும் வந்திருக்கலாம், புதிய பிரின்டரும் போட்டிருக்கலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால், 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒன்று வரும். எந்தத் தேதியில் எதைப் போட்டீர்கள், எந்தத் தேதி முதல் எது விழுந்தது என்று பஞ்சாங்கம் போலக் கட்டம் கட்டிக் காட்டும். சிவப்புப் பெருக்கல் குறிகள் ஆன்டிவைரஸ் போட்ட தேதிக்குப் பிறகு வரிசையாகத் தொடங்கினால் சந்தேகம் சரி. பல வருடமாக விண்டோஸில் இருக்கும் வசதி இது. பழுது பார்க்கிறவர்கள்கூடப் பலர் இதைத் திறப்பதில்லை.

3. வெறும் மந்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு இரவு பொறுங்கள். புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸ் முதல் முறை டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். சுழலும் பழைய வகை ஹார்டுடிஸ்க் என்றால் இது பல மணி நேரம் ஓடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டிஸ்க்' என்ற தலைப்பின் கீழ் 100 சதவீதம் என்று இருந்து, பட்டியலின் உச்சியில் ஆன்டிவைரஸின் பெயரே இருந்தால், முதல் சோதனை நடக்கிறது என்று பொருள். சார்ஜரைச் செருகி, தூங்கும் நிலைக்குப் போகாதபடி மாற்றிவிட்டு, நீங்கள் போய்ப் படுங்கள். காலையில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டு நாளாகியும் இதே கதை என்றால் கீழே படியுங்கள்.

4. என் அனுபவத்தில் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் இந்தக் குறிப்பில் இருப்பதுதான். ஓர் உறையில் இரண்டு வாள்.

நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னதும் அது நேராக உங்களிடம் வருவதில்லை. ஆன்டிவைரஸ் விண்டோஸின் அடிமடியில் ஒரு டிரைவரை வைத்திருக்கும். அது கோப்பை நிறுத்தி, பார்த்து, பிறகு விடும். இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தால் கோப்பு இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். முதலாவது சோதிக்கத் திறக்கும் கோப்பை இரண்டாவது பிடித்து நிறுத்தும். ஒன்று தன்னிடம் வைத்திருக்கும் வைரஸ் அடையாளப் பட்டியலைப் பார்த்து இன்னொன்று இதுவே வைரஸ் என்று சந்தேகிப்பதும் உண்டு. மந்தம், உறைந்து நிற்பது, நீலத்திரை எல்லாம் இங்கிருந்து வரும்.

"எங்கள் வீட்டில் ஒன்றுதானே போட்டோம்" என்று பலரும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள். கணினியோடு கூடவே வந்தது ஒன்று இருக்கும். வேறு ஒரு மென்பொருளை இறக்கும்போது டிக் அடித்த பெட்டி வழியாக நுழைந்தது ஒன்று இருக்கும். முன்பு பழுது பார்க்க வந்த தம்பி ஒருவர் போட்டுவிட்டுப் போனதும் இருக்கும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்ற இடத்துக்குப் போனால், ஆன்டிவைரஸ் என்று பதிவு செய்துகொண்ட எல்லோருடைய பெயரும் வரும். ஆப்ஸ் பட்டியலையும் ஒரு முறை மேலிருந்து கீழே படியுங்கள்.

விண்டோஸோடு வரும் டிஃபென்டரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழு ஆன்டிவைரஸாகவே உள்ளே இருக்கிறது. வேறொன்றைப் போட்டால் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை எடுத்துவிட்டால் தானாகத் திரும்ப வரும். பிணக்கு வருவது வெளியிலிருந்து வந்த இரண்டுக்கு நடுவில்தான்.

5. எடுக்கும்போது இரண்டையும் எடுத்துவிடுங்கள். எது நல்லது, எதை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை பிறகு. செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாகப் போய் ஒன்றை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, பிறகு அடுத்ததை எடுங்கள். சி டிரைவில் அதன் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து டெலிட் செய்யும் வேலை மட்டும் வேண்டாம். வைரஸ் தன்னை அழித்துவிடக் கூடாது என்பதற்காக ஆன்டிவைரஸ்கள் தங்களுக்குக் காவல் போட்டிருக்கும். பாதி அழிந்து, டிரைவர் மட்டும் மிஞ்சினால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

சாதாரண அன்இன்ஸ்டாலில் அடிவேர் சில நேரம் நின்றுவிடும். அதைப் பிடுங்குவதற்கென்றே அந்தந்த நிறுவனமே ஒரு சிறு கருவி தருகிறது. அவாஸ்டுக்கு 'அவாஸ்ட் கிளியர்', ஏவிஜிக்கு 'ஏவிஜி கிளியர்', மெக்கஃபிக்கு 'எம்.சி.பி.ஆர்.' என்று பெயர். நார்ட்டன், காஸ்பர்ஸ்கை, ஈசெட் ஆகியவற்றுக்கும் உண்டு. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இந்தப் பெயர்களைத் தேடினால் முதலில் வரும் விளம்பரத் தளங்களில் 'எல்லா ஆன்டிவைரஸையும் நீக்கும் கருவி' என்று வேறொன்றைத் தலையில் கட்டுவார்கள்.

6. நீக்கும் கருவியைச் சேஃப் மோடில் ஓட்டினால்தான் முழுப் பலன். அந்த நிலையில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் எழுப்பும், ஆன்டிவைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய எஃப்8 பழக்கம் இப்போது பலிக்காது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீல நிறப் பட்டியல் ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோட். இணையமும் வேண்டுமென்றால் 5.

இரண்டு எச்சரிக்கைகள். சேஃப் மோடில் சில கணினிகள் நான்கு இலக்க பின் நம்பரை ஏற்காமல் முழுக் கடவுச்சொல்லைக் கேட்கும். அது நினைவிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு இருக்கும். அது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கலாம். கணினியில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அதே கணக்கில் கைப்பேசி வழியாக நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். இந்த ஏற்பாடு தெரியாமல் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து ஃபார்மட் செய்தவர்களை நான் அறிவேன்.

7. கணினி திறக்கவே இல்லை, சக்கரம் சுற்றிச் சுற்றி மறுபடி அணைகிறது என்றால், திறக்கும் பாதியிலேயே பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே மீட்புப் பட்டியலைக் காட்டும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். அல்லது 'சிஸ்டம் ரீஸ்டோர்' தேர்ந்தெடுத்து, ஆன்டிவைரஸ் போடுவதற்கு முந்தைய தேதிக்குத் திரும்பலாம். அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருள்கள் போகும். படங்களும் ஆவணங்களும் போகாது.

ஆன்டிவைரஸே கணினியை முடக்குவது வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 2008 நவம்பரில் ஏவிஜி, விண்டோஸ் எக்ஸ்பியின் அடிப்படைக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று சொல்லி அழிக்கச் சொன்னது. 2010 ஏப்ரல் 21-ல் மெக்கஃபியின் ஓர் அப்டேட் இதேபோல் எக்ஸ்பி கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகவைத்தது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற கட்டணப் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோப்பு பழுதாகி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பது. அத்தனை பெரிய சிக்கலே ஒரு கோப்பை எடுத்ததில் தீர்ந்தபோது, நம் வீட்டுக் கணினிக்கு எடுத்த எடுப்பில் ஃபார்மட் தேவைப்படாது.

8. நீலத்திரை வந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள். கீழே 'வாட் ஃபெயில்டு' என்று ஒரு கோப்பின் பெயர் வரலாம். அந்தப் பெயரைத் தேடினால் யாருடைய டிரைவர் என்று தெரியும். அவாஸ்ட் டிரைவர்களின் பெயர் ஏ, எஸ், டபிள்யூ என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். எல்லா நீலத்திரைக்கும் ஆன்டிவைரஸைக் குற்றம் சொல்ல முடியாது. பழுதான ரேமும் இதே வேலையைச் செய்யும்.

9. ஆன்டிவைரஸை எடுத்த பிறகு இணையமே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. வைஃபை குறி இருக்கும், தளம் ஒன்றும் திறக்காது. இணையம் போகும் வழியில் ஆன்டிவைரஸ் ஒரு வடிகட்டியை வைத்திருந்தது. மென்பொருள் போய்விட்டது, வடிகட்டியின் அடையாளம் மட்டும் விண்டோஸின் பதிவில் மிஞ்சிவிட்டது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று இருக்கும். விண்டோஸ் 11-ல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளே தேட வேண்டும். அதை அழுத்தினால் நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போடும். வைஃபை கடவுச்சொல்லும் அதோடு மறந்துபோகும் என்பதால் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

10. வங்கித் தளம், ரயில் டிக்கெட் தளம் போனால் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வருகிறதா? முதலில் கணினியின் தேதியையும் மணியையும் பாருங்கள். பழைய கணினியில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் அடையாளச் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று அப்போது காட்டும்.

தேதி சரி என்றால் ஆன்டிவைரஸைப் பாருங்கள். பூட்டுக்குறி உள்ள தளங்களில் போய்வரும் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்குள் எட்டிப் பார்ப்பதற்காகச் சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் நின்று, தளத்தின் சான்றிதழை எடுத்துவிட்டுத் தங்கள் சான்றிதழைச் செருகும். பிரவுசருக்கு இது பிடிக்காவிட்டால் எச்சரிக்கை வரும். பூட்டுக்குறியை அழுத்திச் சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அதன் அமைப்பில் 'எச்.டி.டி.பி.எஸ். ஸ்கேனிங்' என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள். ஆன்டிவைரஸின் பெயரும் இல்லை, சான்றிதழ் நிறுவனம் என்று அறிந்த பெயரும் இல்லை என்றால் அந்தத் தளத்தில் ஒரு எழுத்தும் தட்டாதீர்கள்.

11. நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று காணவில்லை. டேலி திறக்கவில்லை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கணினி கண்டுகொள்ளவில்லை, பிள்ளையின் கல்லூரி புராஜெக்ட் ஓடவில்லை. அநேகமாக ஆன்டிவைரஸ் சிறைபிடித்திருக்கும். அதற்குள் 'குவாரன்டைன்' என்று ஓர் அறை உண்டு. சிலர் அதை 'வைரஸ் செஸ்ட்', 'வைரஸ் வால்ட்' என்பார்கள். அதில் உள்ளது அழிந்ததல்ல, கட்டிவைக்கப்பட்டது. மீட்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து வேறு எழுத்தாக மாற்றித் தருவதுதான் தமிழ் எழுதிகளின் வேலை. கடவுச்சொல் திருடும் கீலாகர்களும் விசைகளை இதே மாதிரிதான் இடைமறிக்கும். ஆகவே ஆன்டிவைரஸ் ஒரு தமிழ் எழுதியைச் சந்தேகப்பட்டால் ஆச்சரியமில்லை. உருவாக்கியவரின் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று பாருங்கள். பிறகு 'வைரஸ்டோட்டல்' தளத்தில் அந்தக் கோப்பை ஏற்றுங்கள். ஸ்பெயின் நிறுவனம் ஒன்று 2004-ல் தொடங்கி, 2012-ல் கூகுள் வாங்கிய இலவசச் சேவை இது. சுமார் 70 ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்டுச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சந்தேகம் சொன்னால் பெரும்பாலும் தவறான பழி. முப்பது பேர் சொன்னால் கோப்பை அழித்துவிடுங்கள். மென்பொருள் கோப்பை மட்டும் ஏற்றுங்கள். ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்றவற்றை அங்கே ஏற்ற வேண்டாம், ஏற்றியவை வேறு பலர் கைக்கும் போகும்.

மீட்ட பிறகு அந்த ஒரு கோப்பையோ ஃபோல்டரையோ மட்டும் 'எக்ஸ்செப்ஷன்' பட்டியலில் சேருங்கள். தொல்லை விட்டது என்று சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிட்டால் ஆன்டிவைரஸே இல்லாததற்குச் சமம்.

12. சிறைபட்டது 'கிராக்' செய்த மென்பொருளா? அப்படியானால் ஆன்டிவைரஸ் சொல்வதை நம்புங்கள். மீட்காதீர்கள்.

13. வைஃபை வழியாகப் பிரின்டர் அச்சடிக்கவில்லை, அறையிலிருக்கும் இன்னொரு கணினியின் ஃபோல்டர் தெரியவில்லை என்றால் ஆன்டிவைரஸின் ஃபயர்வால் உங்கள் வீட்டு வைஃபையை ரயில் நிலைய வைஃபை போலப் 'பப்ளிக்' என்று நினைத்திருக்கும். அதை 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும்.

14. வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஒன்று எட்டிப் பார்க்கும் அறிவிப்புகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஆன்டிவைரஸே அனுப்புவது: "உங்கள் கணினியில் 847 குப்பைக் கோப்புகள்", "உங்கள் இருப்பிடம் எல்லோருக்கும் தெரிகிறது" என்று பயமுறுத்திக் கட்டணப் பதிப்புக்கு அழைக்கும். ஆபத்து ஒன்றும் இல்லை. அமைப்பில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்', 'சைலன்ட் மோட்' என்று பார்த்து அடக்குங்கள்.

இரண்டாம் வகைதான் மோசம். "உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா இன்றோடு முடிகிறது, 5 வைரஸ்கள்" என்று பெரிய நிறுவனங்களின் சின்னத்தோடு வரும். நீங்கள் அந்த ஆன்டிவைரஸைப் போட்டே இருக்க மாட்டீர்கள். எப்போதோ ஒரு தளத்தில் 'அலவ்' என்று அழுத்தியதால் பிரவுசர் வழியாக வரும் விளம்பரம் அது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். ஆன்டிவைரஸை மாற்றி மாற்றிப் போட்டும் போகாத தொல்லை இந்த ஒரு நிமிட வேலையில் போனதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

15. முகப்புப் பக்கம் மாறியிருக்கிறது, தேடல் வேறெங்கோ போகிறது, கேட்காத புதிய பிரவுசர் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், இன்ஸ்டால் செய்யும்போது 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று போனதன் பலன். ஆப்ஸ் பட்டியலில் அதே தேதியில் வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்கள். அடுத்த முறை 'கஸ்டமைஸ்' அல்லது 'கஸ்டம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும் வழியில் போய், ஏற்கெனவே அடித்துவைத்த டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

16. போட்டது உண்மையான ஆன்டிவைரஸ்தானா? 2008, 2009 வாக்கில் 'ஆன்டிவைரஸ் 2009' போன்ற பெயர்களில் போலிகள் உலகம் முழுக்கப் பரவின. இல்லாத வைரஸ்களைக் காட்டி, பணம் கட்டினால்தான் நீக்குவேன் என்று மிரட்டின. இப்போது ரகம் மாறியிருக்கிறது. திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, "இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும். அழைத்தால் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி, கணினியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். எந்த ஆன்டிவைரஸ் நிறுவனமும், மைக்ரோசாஃப்டும், எச்சரிக்கைத் திரையில் தொலைபேசி எண் போடுவதில்லை. ஆல்ட், எஃப்4 அழுத்தி மூடுங்கள், மூடாவிட்டால் டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் அழைத்தால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இந்த எண்ணைக் கணினிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

17. எல்லாம் சரி, ஆனாலும் பழைய கணினி இழுக்கிறது என்றால், ஆன்டிவைரஸோடு ஒட்டிவந்த 'டிரைவர் அப்டேட்டர்', 'கிளீனப்', 'விபிஎன்' ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கோப்புக் காவலை மட்டும் விடுங்கள். முழுச் சோதனையை நீங்கள் மதியம் உறங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். உண்மையான வைத்தியம் ஒன்று உண்டு: சுழலும் ஹார்டுடிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. கணினி முழுவதையும் மாற்றுவதைவிட அதற்கு ஆகும் செலவு குறைவு.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஓட்டை விழுந்த கூரையின் கீழ் எத்தனை பாத்திரம் வைத்தாலும் வீடு நனையும். ஆன்டிவைரஸ் அந்த ஓட்டைகளை அடைக்காது.

18. இத்தனை பாட்டுக்குப் பிறகு இலவச ஆன்டிவைரஸ் வேண்டுமா? மின்னஞ்சல், வங்கி, பிள்ளைகள் படிப்பு என்று இருக்கும் வீட்டுக் கணினிக்கு விண்டோஸின் டிஃபென்டரே போதும் என்பது என் கருத்து. கூடவே பிரவுசரையும் விண்டோஸையும் அப்டேட் செய்து வைத்திருக்க வேண்டும். இலவசம் என்பதற்கு வேறு வழியில் விலை கொடுக்க நேரலாம். அவாஸ்டின் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட், பயனாளர்கள் எந்தெந்தத் தளம் போனார்கள் என்ற விவரத்தை விற்றது வெளியாகி, 2020 ஜனவரியில் அதை மூடினார்கள். 2024-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அதற்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்தவரே நம் வீட்டுக்கு யார் வந்தார் போனார் என்று விற்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கணினியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா'வின் தளத்தில் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள். நம் சென்னையின் கே7 நிறுவனம் தந்த கருவியும் அதில் உண்டு. ஒரு முறை ஓட்டிவிட்டு எடுத்துவிடலாம்.

19. எல்லாவற்றையும் எடுத்த பின் டிஃபென்டர் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'ஐகார்' சோதனைக் கோப்பு என்று ஒன்று. மொத்தமே 68 எழுத்துதான். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் இதைக் கண்டால் கத்த வேண்டும் என்று எல்லா ஆன்டிவைரஸ்களும் ஒப்புக்கொண்ட அடையாளம் அது. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். உடனே தடுத்தால் காவல் இருக்கிறது.

20. இத்தனைக்கும் பிறகு விண்டோஸிலேயே சில இடங்கள் ஓடாமல் நின்றால், கமாண்ட் ப்ராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எஃப், சி என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, வலது பக்கம் சாய்ந்த கோடு போட்டு, இடைவெளி விடாமல் ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். பழுதான விண்டோஸ் கோப்புகளைத் தேடி மாற்றும். கொஞ்சம் நேரமெடுக்கும். நடுவில் அணைக்காதீர்கள்.

21. இனி எதைப் போடுவதானாலும் முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். ஸ்டார்ட்டில் 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். பல கணினிகளில் இது அணைந்தே இருக்கும், சி டிரைவுக்கு இயக்கிவிட வேண்டும். அப்படியே ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு விவரம் எழுதுங்கள்: ஆன்டிவைரஸின் பெயர், போட்ட தேதி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சல், பிட்லாக்கர் எண். நோட்டை மடிக்கணினிப் பையில் வைக்காதீர்கள், பை தொலைந்தால் சாவியும் சேர்ந்து தொலையும். பெரியம்மா அதை ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் பென்ஷன் வந்த அன்று படங்களை வெளி ஹார்டுடிஸ்கில் நகலெடுத்து, அந்தத் தேதியையும் அதில் தன் கையெழுத்தில் எழுதுகிறார். போன மாதம் பார்த்தபோது மூன்றாம் பக்கம் பாதி நிறைந்திருந்தது.